டேம் மீன் குண்டு, கடல் மீன் ஒல்லி: உப்பு செய்த வேலையா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் தருமபுரியில் மீன் கடைக்குப் போனால் பலகையில் பாதி டேம் மீன், பாதி கடல் மீன். டேம் மீன் விடியற்காலையில் கிருஷ்ணகிரி பக்கமிருந்தோ மேட்டூர் பக்கமிருந்தோ வந்திருக்கும், சிலது இன்னும் செவுளை அசைத்துக்கொண்டிருக்கும். கடல் மீன் ராத்திரி முழுக்க தெர்மாகோல் பெட்டியில் ஐஸுக்குள் படுத்து லாரியில் வந்தது, கண் கொஞ்சம் மங்கியிருக்கும். போன மாதம் மாமியாரோடு போயிருந்தேன். இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "ஏன் மாப்பிள்ளை, இந்தக் கடல் மீனெல்லாம் கத்தி கணக்கா நீட்டமா இருக்கு, நம்ம டேம் மீனெல்லாம் தொப்பை போட்டுக்கிட்டு இருக்கு? உப்புல போட்ட மாங்கா சுருங்குற மாதிரி இதுவும் சுருங்கிப் போகுமோ?"

நான் வாயைத் திறப்பதற்குள் கடைக்கார அக்கா முந்திக்கொண்டார். "நல்ல தண்ணி குடிச்சு வளருது, உடம்பு வைக்குதும்மா. உப்புத் தண்ணியக் குடிச்சா எங்க உடம்பு வைக்கும்?"

இரண்டு பேர் சொன்னதும் தப்புதான். ஆனால் சும்மா சிரித்துவிட்டுப் போகிற தப்பு இல்லை. மாங்காய் உவமை பாதிக்குப் பாதி சரி, தண்ணீர் குடிக்கிற கதை அப்படியே தலைகீழ். அன்றைக்கு அத்தையிடம் அரைகுறையாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் மாங்காய். உப்பு குறைவாக இருக்கும் பக்கத்திலிருந்து அதிகமாக இருக்கும் பக்கத்துக்குத் தண்ணீர் தானாக நகரும். உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால் ஜாடியில் தண்ணீர் விட்டு மாங்காய்த் துண்டு சுருங்குவது அதனால்தான். கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. மத்தி, சங்கரா போன்ற கடல் மீன்களின் ரத்தத்தில் இருப்பது ஏறக்குறைய அதில் மூன்றில் ஒரு பங்கு. அப்படியானால் அந்த மீன் பிறந்த நாளிலிருந்து ஊறுகாய் ஜாடிக்குள்தான் இருக்கிறது, செவுள் வழியாக அதன் உடம்புத் தண்ணீர் ஓயாமல் வெளியே போய்க்கொண்டே இருக்கிறது. சுருங்காமல் எப்படிப் பிழைக்கிறது? கடல் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. குடித்த தண்ணீரோடு உள்ளே வந்த உப்பை, அதற்கென்றே செவுளில் இருக்கிற தனி செல்கள் வெளியே தள்ளுகின்றன. சிறுநீர் கொஞ்சம்தான் போகும்.

ஆற்று மீனின் கதை இதற்கு நேர் எதிர். அதன் ரத்தத்தில் சுற்றியுள்ள தண்ணீரைவிட உப்பு அதிகம், அதனால் தண்ணீர் கேட்காமலே உள்ளே வந்துகொண்டிருக்கும். அது தாகம் என்று தண்ணீர் குடிப்பதில்லை. சிறுநீரகம் ஓயாமல் வேலை செய்து, வந்த தண்ணீரை நீர்த்த மூத்திரமாக வெளியே ஊற்றுகிறது, தண்ணீரில் இருக்கிற சொற்ப உப்பைச் செவுள் பிடித்து உள்ளே இழுக்கிறது. ஆகவே அக்கா சொன்னதைத் திருப்பிப் போட வேண்டும்: கடல் மீன்தான் குடிக்கிறது, டேம் மீன் குடிப்பதில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்து மனிதர்கள் குடிக்கிறோம், ஒகேனக்கல் மீன் குடிப்பதில்லை.

இவ்வளவு பெரிய வேலை நடக்கிறதே, அது வெளியே தெரிகிறதா என்றால், தெரிவதில்லை. உப்பு மாற்றுவதெல்லாம் செவுளையும் சிறுநீரகத்தையும் குடலையும்தான். உடம்பின் வெளி வடிவத்துக்கும் உப்புக்கும் நேரடிச் சம்பந்தம் மிகக் குறைவு. கொடுவாவைப் பாருங்கள். கடலோரக் கழிமுகத்தில் முட்டையிடும், குஞ்சுகளில் பல நல்ல தண்ணீருக்கு ஏறி வளரும், பெரிதானதும் திரும்பக் கீழே இறங்கும். நல்ல தண்ணீரில் பிடித்தாலும் உப்புத் தண்ணீரில் பிடித்தாலும் அதே கூர் மூக்கு, அதே தூக்கிய முதுகு. மடவையும் அப்படித்தான். நம் ஏரிகளில் நிறைந்து கிடக்கும் ஜிலேபியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிக் கடல் தண்ணீரிலேயே விட்டாலும் வாழும், அங்கேயும் அது தட்டு மாதிரியேதான் இருக்கும். உப்பு வடிவத்தைச் செதுக்குகிற கத்தியாக இருந்திருந்தால் இந்த மீன்கள் எல்லாம் இரண்டு உருவத்தில் திரிய வேண்டும்.

அப்படியானால் அத்தையின் கண் பொய் சொன்னதா? இல்லை. பலகையில் இருந்தது உண்மைதான், ஆனால் பலகை என்பது கடலும் இல்லை, ஆறும் இல்லை. நம் ஊருக்கு வருகிற கடல் மீன் எது என்று யோசித்துப் பாருங்கள்: வஞ்சிரம், சூரை, மத்தி, கானாங்கெளுத்தி, நெத்திலி, பாறை, கொஞ்சம் சங்கரா. இதில் பெரும்பாலானவை திறந்த கடலில் கூட்டமாகத் திரிகிற மீன்கள், ஒரே வலையில் டன் கணக்கில் விழுகிறவை, ஐஸில் இவ்வளவு தூரம் வந்தாலும் விலை போகிறவை. பாறை இடுக்கில் இருக்கும் பட்டாம்பூச்சி மீனோ, மணலில் புதைந்து கிடக்கும் நாக்கு மீனோ, கடல் குதிரையோ தருமபுரி பலகைக்கு வருவதில்லை. இந்தப் பக்கம் டேம் மீன் என்று நாம் சொல்வதில் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கங்கைச் சமவெளியின் மீன்கள், குஞ்சாகக் கொண்டுவந்து விட்டு வளர்ந்தவை. ஜிலேபி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, இந்தியாவுக்குள் அது நுழைந்தது 1952-ல். சீக்கிரம் எடை போடுகிற மீனாகப் பார்த்து மனிதன் விட்டிருக்கிறான், அதனால் அதற்குத் தொப்பை. அத்தை பார்த்தது கடலுக்கும் ஆற்றுக்கும் உள்ள வித்தியாசத்தை அல்ல, வியாபாரி எடுத்த இரண்டு கைப்பிடி சாம்பிளை.

முழுப் பட்டியலையும் எடுத்தால் கணக்கு குழம்பிவிடும். வாவல் கடல் மீன்தான், அதைவிடத் தட்டையான, உயரமான உடம்பை நம் ஏரிகளில் தேட வேண்டும். விரால் ஏரி மீன், உருட்டுக் கட்டை மாதிரி நீளம். ஆரால் ஆற்று மீன், பாம்பு மாதிரி. நம் ஆட்கள் பெயர் வைத்ததிலேயே இது இருக்கிறது. கடலில் பட்டையாக, வெள்ளி நாடா மாதிரி நீண்டிருக்கும் மீனுக்கும் வாளை என்று பெயர், ஆற்றில் பெரிய வாயோடு கெளுத்திச் சாதியில் வருகிற மீனுக்கும் வாளை என்று பெயர். இரண்டுக்கும் சொந்தபந்தம் எதுவும் கிடையாது, வாள் மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். மறுபக்கம் கானாங்கெளுத்தி என்கிறோம், மீசையும் இல்லை, கெளுத்தியும் இல்லை, அது சூரைக்குப் பங்காளி. கால் சதைக்குக் கெண்டைக்கால் என்று பேர் வைத்தவர்களுக்கு மீனின் வடிவம் எவ்வளவு மனதில் பதிந்திருக்க வேண்டும்! நடுவில் பருத்து இரண்டு பக்கமும் சிறுத்துப் போகிற அந்த வடிவத்தைத்தான் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படகு போன்ற உடல் என்று படித்தோம்.

சரி, அந்தப் படகு வடிவத்துக்கு வருவோம். வஞ்சிரத்தைத் துண்டு போடும்போது கவனித்திருப்பீர்கள், துண்டு முட்டை வடிவத்தில் கிட்டத்தட்ட உருண்டையாக, சதை அடைத்து இருக்கும், வயிற்று ஓட்டை சின்னது. அதே கத்தியால் கட்லாவை வெட்டினால் துண்டு உயரமாக, கீழே பெரிய ஓட்டையோடு லாடம் மாதிரி விழும். அந்த இரண்டு துண்டிலேயே பாதிக் கதை இருக்கிறது. வஞ்சிரம் நாள் முழுக்க நீந்துகிற மீன். தண்ணீர் காற்றைவிட 800 மடங்கு கனம். அதைக் கிழித்துக்கொண்டு ஓய்வில்லாமல் போக வேண்டுமென்றால் உடம்பில் எந்த இடத்திலும் தண்ணீர் சிக்கக் கூடாது. ஒரே கன அளவுள்ள உடம்புகளைத் தண்ணீரில் இழுத்துப் பார்த்தால், நீளம் தடிமனைப் போல நாலரை மடங்கு இருக்கும்போது இழுவை மிகக் குறைவு என்பது கணக்கு. வேகமாக நெடுந்தூரம் நீந்துகிற மீன்கள் எல்லாம் இந்த அளவைச் சுற்றித்தான் நிற்கின்றன. வஞ்சிரத்தின் முதுகுத் துடுப்பைத் தடவிப் பாருங்கள், மடிந்து ஒரு பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வாலுக்கு முன்னால் மேலும் கீழும் ரம்பப் பல் மாதிரிக் குட்டிக் குட்டித் துடுப்புகள். வால் தொடங்குகிற இடம் மணிக்கட்டைவிட மெலிசு, ஆனால் இரண்டு பக்கமும் வரப்பு மாதிரிக் கெட்டியாக மேடு தட்டும். வால் பிறை நிலா. உடம்பை வளைக்காமல் வாலை மட்டும் வீசி ஓடுகிற இயந்திரம் அது.

இப்படி ஒரு மீன் நம் ஊரில் உருவாவதற்கு இடமே இல்லை. 1957-ல் காமராஜர் திறந்து வைத்த கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. டேமின் முழுக் கொள்ளளவில் தண்ணீர் நிற்பது 52 அடி. வஞ்சிரம் மாதிரி ஒரு மீனை அதில் விட்டால் கொஞ்ச நேரத்தில் கரையில் முட்டிக்கொள்ளும், திரும்ப வேண்டும், பாறை, முள்மரக் குச்சி, வலை. நெடுந்தூரம் ஒரே நேராக ஓடத் தேவையில்லாத இடத்தில், அதற்கான உடம்பைச் செய்து வைத்துக்கொள்வது வீண் செலவு. திறந்த கடல் என்ற ஒரு வீடு நல்ல தண்ணீரில் கிட்டத்தட்டக் கிடையாது, பெரும் ஏரிகளைத் தவிர. கடல் மீன் ஒல்லி என்று தோன்றுவதற்குக் காரணம் இதுதான்: தண்ணீரின் ருசி அல்ல, ஓடுவதற்கு இருக்கும் இடம்.

மீன்கள் நீந்துகிற முறையை ஆராய்ந்த பால் வெப் 1984-ல் மூன்று விதமாகப் பிரித்தார்: நெடுந்தூரம் ஓடுகிறவை, ஒரே பாய்ச்சலில் பாய்கிறவை, இருந்த இடத்திலேயே திரும்பி நெளிகிறவை. மூன்றுக்கும் ஒரே உடம்பு உதவாது. ஒன்றில் கெட்டிக்காரனாக வேண்டுமென்றால் மற்றதில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். ஏரியில் செடிக்குள் பதுங்கி நின்று தவளை வந்ததும் ஒரே பாய்ச்சலில் கவ்வுகிற விரால் இரண்டாவது ரகம். நீளமான உடம்பு, முதுகிலும் அடியிலும் வால் வரை ஓடுகிற நீளத் துடுப்பு, மொத்த உடம்பும் ஒரு துடுப்பாக வேலை செய்யும். ஜிலேபி, வாவல், பட்டாம்பூச்சி மீன் மாதிரித் தட்டையாகவும் உயரமாகவும் இருப்பவை இடுக்கில் சட்டென்று திரும்ப வசதியானவை. எது கடல், எது ஏரி என்று பார்க்காமல் இந்த மூன்றும் இரண்டு பக்கமும் இருக்கின்றன.

தண்ணீரே நேரடியாக உடம்பில் வைத்த ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதைக் கடைக்காரர் கத்தி வைக்கும்போது பார்க்கலாம். ரோகுவையோ கட்லாவையோ வயிற்றைக் கீறிக் குடலை இழுத்தால், முதுகெலும்பை ஒட்டி வெள்ளையாக ஒரு பலூன் தெரியும், நடுவில் நூல் கட்டிய மாதிரி இடுப்பு சிறுத்து இரண்டு அறையாக இருக்கும். காற்றுப்பை. சின்ன வயதில் அதைக் காலால் மிதித்துப் 'பட்' என்று வெடிக்க வைக்காத பிள்ளைகள் எங்கள் தெருவில் கிடையாது, அம்மா மீன் கழுவ உட்கார்ந்தால் சுற்றி நாலு பேர் காத்திருப்போம். மீனின் சதையும் எலும்பும் தண்ணீரைவிடக் கனம், சும்மா விட்டால் மூழ்கும். இந்தப் பையில் காற்றைப் பிடித்து வைத்துத்தான் மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் அந்தரத்தில் நிற்கிறது. இப்போது உப்பு வருகிறது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் ஒரு கிலோ என்றால் கடல் தண்ணீர் ஒரு கிலோ 25 கிராம் வரை வரும். உப்புத் தண்ணீர் கனம், அதனால் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். நல்ல தண்ணீர் மீனுக்கு அந்தத் தாங்கல் இல்லை, அதனால் அது பெரிய பை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பொதுவாக உடம்பின் கன அளவில் நல்ல தண்ணீர் மீனுக்கு 7 சதவீதமும் கடல் மீனுக்கு 5 சதவீதமும் காற்றுப்பைக்குப் போகிறது. ஒரு கிலோ மீனில் 70 மில்லிக்கும் 50 மில்லிக்கும் உள்ள வித்தியாசம், டீ கடைக் கிளாஸில் ஒரு மடக்கு. தொப்பை என்று அத்தை சொன்னதில் உப்புக்கு ஏதாவது பங்கு இருக்கிறதென்றால் அது இந்த ஒரு மடக்குதான்.

வஞ்சிரத்தில் அந்த பலூனைத் தேடினால் கிடைக்காது. சூரையிலும் சில வகைகளுக்கு இல்லை. மேலும் கீழுமாகப் பாய்ந்து இரை பிடிக்கிற மீனுக்குக் காற்றுப்பை தொந்தரவு. பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்காகும், பை பாதியாகச் சுருங்கும். சட்டென்று மேலே வந்தால் விரியும். அதற்குப் பதிலாக இவை மார்புத் துடுப்பை விமான இறக்கை மாதிரி விரித்து வைத்துக்கொண்டு, நீந்துகிற வேகத்திலேயே மிதக்கின்றன. நின்றால் மூழ்கும், அதனால் நிற்பதில்லை. வஞ்சிரத் துண்டு ஏன் அடைத்த சதையாக இருக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி ஒகேனக்கல். நம் மாவட்டத்தில் நல்ல தண்ணீர் என்றால் ஒன்றுதான் என்று நினைக்கிறோம், அங்கே போய் ஒரு மணி நேரம் தண்ணீரைப் பார்த்தால் அது தெளிந்துவிடும். அருவிக்குக் கீழே நுரைத்து ஓடுகிற தண்ணீர் ஒரு உலகம், பரிசல் போகிற ஆழமான மடு இன்னொரு உலகம், பாறைக் குழியில் தேங்கி வெயிலில் சூடாகிக் கிடக்கிற தண்ணீர் மூன்றாவது உலகம். உப்பு மூன்றிலும் ஒன்றே. ஆனால் மீனின் உடம்பு? வேகமாக ஓடுகிற தண்ணீரில் பாறையை ஒட்டியே வாழ்கிற சின்ன மீன் ஒன்று உண்டு, அறிவியலில் காரா என்கிற பேரினம். விரல் நீளம்தான். அடிவயிறு பலகை மாதிரித் தட்டை, மார்புத் துடுப்பு இரண்டும் பக்கவாட்டில் படுத்தபடி விரிந்திருக்கும், வாய் முகத்துக்கு அடியில் இருக்கும், வாய்க்குக் கீழே தாடையில் வட்டமாக ஒரு உறிஞ்சு தட்டு. பாறையில் அதைப் பதித்துக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும். மேலே தண்ணீர் எவ்வளவு வேகமாகப் போனாலும், பாறையை ஒட்டிய ஒரு மெல்லிய அடுக்கில் தண்ணீர் மெதுவாகத்தான் நகரும், இந்த மீன் அந்த அடுக்குக்குள் படுத்துக்கொள்கிறது. காவிரியின் கூன்முதுகு மகசீர் இதற்கு வேறு விடை கண்டுபிடித்தது: ஒளிவதில்லை, எதிர்த்து நிற்கும். தடித்த உருண்டை உடம்பு, கெட்டியான வாலடி, உள்ளங்கை மாதிரிச் செதில். இன்றைக்கு அது உலக அளவில் அழிவின் விளிம்பில் உள்ள மீன்கள் பட்டியலில் இருக்கிறது. தேங்கிய குட்டையில் கிடைக்கிற தேளிக்குச் செதிலே இல்லை, கலங்கல் தண்ணீரில் கண்ணால் பிரயோஜனம் குறைவு, அதனால் மீசையை வைத்துத் தடவித் தடவிப் பிழைக்கிறது, மூச்சுத் திணறினால் மேலே வந்து காற்றைக் குடிக்கும். கையில் குத்தினால் அன்றைக்குத் தூக்கம் போச்சு.

பண்ணைக்குட்டை வைத்திருக்கிறவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரே குட்டையில் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றையும் ஏன் சேர்த்து விடுகிறார்கள்? கட்லா மேல் தண்ணீரில் மேய்கிறது, அதற்குப் பெரிய தலை, வாய் மேல் நோக்கித் திறக்கும். ரோகு நடுத் தண்ணீரில், வாய் கொஞ்சம் கீழ் நோக்கி, உதட்டில் குஞ்சம் மாதிரி நார். மிர்கால் அடி மண்ணில், வாய் அடியில், உடம்பு மூன்றிலும் ஒல்லி. அரை ஏக்கர் குட்டை, ஆளுயரத் தண்ணீர், அதற்குள்ளேயே மூன்று வாய், மூன்று உடம்பு. கடலுக்கும் ஆற்றுக்கும் இடையில் நாம் தேடுகிற வித்தியாசத்தைவிட இந்த ஒரு குட்டைக்குள் இருக்கிற வித்தியாசம் சில சமயம் பெரிது.

இதெல்லாம் வேறு வேறு சாதி மீன்கள், ஒரே மீன் மாறுமா என்று கேட்டால், மாறும், அதுவும் அணை கட்டினாலே மாறும். அமெரிக்காவின் மிசிசிப்பிப் பகுதியில் ஓடைகளில் வாழ்கிற கெண்டைக் குடும்பத்துப் பொடி மீன் ஒன்றை எடுத்து, ஓடையில் இருப்பதையும் அதே ஓடையில் அணை கட்டித் தேக்கிய தண்ணீரில் இருப்பதையும் அளந்து பார்த்து 2010-ல் எழுதினார்கள். தேக்கத்து மீனுக்கு உடம்பு உயரமாகவும் தலை சின்னதாகவும் ஆகியிருந்தது. பல அணைகளில் ஒரே திசையில் இந்த மாற்றம். ஆக டேம் மீனுக்குத் தொப்பை என்பதில் ஒரு உண்மைத் துளி இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அதை ஆற்று மீனோடு ஒப்பிட்டால்தான் தெரியும், கடல் மீனோடு அல்ல.

இன்னும் வேடிக்கை ஸ்வீடனில். அங்கே குளத்தில் வளர்கிற ஒரு கெண்டையைத் தின்னுகிற பைக் என்ற மீன் அதே குளத்தில் இருந்தால், இந்தக் கெண்டைக்கு முதுகு உயர்ந்து உடம்பு தட்டாக வளர்கிறது. பைக் இல்லாத குளத்தில் அதே கெண்டை ஒல்லியாக நிற்கிறது. 1992-ல் இதைச் சோதனை செய்து காட்டினார்கள். உயரமான மீன் பைக்கின் வாய்க்குள் நுழையாது, அதுதான் லாபம். பைக்கை நேரில் பார்க்கக்கூட வேண்டாம், கெண்டையைத் தின்ற பைக்கின் வாடை தண்ணீரில் இருந்தாலே போதும், உடம்பு உயரத் தொடங்கிவிடும். பக்கத்து வீட்டுக்காரன் யார் என்று பார்த்து வீட்டுக்குச் சுவர் எழுப்புகிற கதை.

நான் சொல்லி வந்ததற்கு இடிக்கிற உதாரணம் ஒன்றும் உண்டு, அதை மறைப்பது சரியில்லை. குளிர்நாட்டுக் கடலோரத்தில் முதுகில் மூன்று முள் உள்ள ஸ்டிக்கிள்பேக் என்று ஒரு சுண்டுவிரல் மீன். கடலில் வாழ்கிறதற்குப் பக்கவாட்டில் 30-க்கும் மேற்பட்ட எலும்புத் தகடுகள், சட்டை மாதிரிக் கவசம். அதே மீன் ஏரிகளுக்குள் ஏறிக் குடியேறிய இடங்களில் பெரும்பாலும் கவசத்தைக் கழற்றிவிட்டது, சில தகடுகள்தான் மிச்சம். அலாஸ்காவில் லோபெர்க் என்று ஒரு ஏரி. 1982-ல் அதிலிருந்த மீன்களை மருந்து போட்டு அழித்தார்கள். அப்புறம் கடலிலிருந்து ஸ்டிக்கிள்பேக் தானாக ஏறி வந்து குடியேறியது. 1990-ல் பிடித்துப் பார்த்தபோது கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் முழுக் கவசம், 2001-ல் பார்த்தபோது முக்கால்வாசி மீன்கள் குறைந்த தகட்டு ரகமாக ஆகிவிட்டிருந்தன. ஒரு பிள்ளை பிறந்து ஆறாம் வகுப்புக்குப் போகிற காலம்! இந்தத் தகடுகளைக் கூட்டிக் குறைக்கிற முக்கியமான மரபணு எது என்பதும் 2005-ல் தெரிந்துவிட்டது. ஏன் கழற்றுகிறது என்பதற்குக் காரணம் ஒன்றல்ல: தகடு செய்யச் செலவு, ஏரித் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்துக் குறைவு, செடிக்குள் பதுங்க இடம் இருப்பது, கனம் குறைந்தால் சட்டென்று பாயலாம். இதில் ஒன்றிரண்டு தண்ணீரின் குணம், மற்றது அக்கம்பக்கம்.

அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் அத்தை கடைசியாக ஒரு கேள்வி கேட்டார், அதுதான் என்னை உண்மையிலேயே யோசிக்க வைத்தது. "எல்லாம் சரி, அப்ப டேம் மீன்ல மட்டும் ஏன் இத்தனை முள்ளு?"

ரோகு சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், நடு முள்ளை எடுத்த பிறகும் சதைக்குள் ஒய் வடிவத்தில் கவை முட்கள் ஒளிந்திருக்கும், பிள்ளைகளுக்கு ஊட்டும்போது உயிர் போகும். இதையும் தண்ணீரின் தலையில் கட்டிவிடலாம் என்று தோன்றும். ஆனால் மத்தியில் பாருங்கள், கடல் மீன், சதைக்குள் பொடி முள் எவ்வளவு! ஜிலேபியும் விராலும் நல்ல தண்ணீர் மீன்கள், நடு முள்ளை உருவினால் முடிந்தது வேலை. சதைக்குள் இருக்கிற இந்தக் கவை முள் பழைய வம்சங்களின் சொத்து. பின்னால் தோன்றிய, முதுகுத் துடுப்பில் குத்துகிற முள் வைத்திருக்கிற பெரிய வம்சம் அதைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டது. சங்கரா, பாறை, வஞ்சிரம், ஜிலேபி, விரால் எல்லாம் அந்தப் பின்வந்த கூட்டம் (விராலின் முதுகில் மட்டும் குத்துகிற முள்ளும் இல்லாமல் போய்விட்டது). வம்சாவளி மரத்தைப் பிடித்து ஏறினால், கடலில் இருக்கிற மத்திக்குக் கடலில் இருக்கிற வஞ்சிரத்தைவிட நம் டேம் ரோகுதான் நெருங்கிய சொந்தம். கே.ஆர்.பி. டேமில் பிடித்த ஜிலேபிக்குப் பக்கத்துத் தட்டில் கிடக்கிற ரோகுவைவிட, ஐஸில் வந்த சங்கராதான் நெருங்கிய சொந்தம்.

அத்தை பையைத் திறந்து காட்டினார். மூன்று கிலோவும் ஜிலேபிதான், முதுகுத் துடுப்பு பையைக் குத்தி இரண்டு இடத்தில் கிழித்திருந்தது.